பின் வால்வ் திற: ஏரிக்கரை முகாம் ஒன்றின் குடிதண்ணீர் பழுதான நிகழ்வு

முகாமும் அதன் தண்ணீரும்

ரொறன்ரோவிலிருந்து வடக்கே மூன்று மணித்தியாலம் ஓடினால் ஹலிபர்ட்டன் மேட்டுநிலம் வரும். அங்கே ஒரு சிறிய ஏரியின் கரையில் எங்கள் முகாம் இருக்கிறது. சமையலறையோடு பெரிய மரவீடு ஒன்று, சுற்றிவர நான்கு படுக்கைக் குடில்கள், ஒரு படகுத்துறை, தண்ணீர்ப் பம்புக்கு ஒரு கொட்டில். இடம் பழைய கனூப் படகுக் கழகம் ஒன்றுக்குச் சொந்தம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் தமிழ் நடைப்பயணக் குழுவும் அதில் பங்காளியாகச் சேர்ந்தது. இரு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ அறுபது குடும்பங்கள். சம்பளத்துக்கு ஒருவரும் இல்லை. கூரை ஒழுகினாலும் கழிவறை அடைத்தாலும் நாங்கள்தான் போய் நிற்க வேண்டும்.

வருடத்தில் இரண்டு வார இறுதிகள் முழுவதும் வேலைக்கு. மே மாதம் விக்டோரியா தின விடுமுறையில் முகாமைத் திறப்போம், ஒக்டோபரில் நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறையில் மூடுவோம். மூடுவதுதான் பெரிய வேலை. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் பருக்கும். ஒரு வளைவில் ஒரு குவளைத் தண்ணீர் நின்றுவிட்டாலும் வசந்தத்தில் செப்புக் குழாய் வெடித்துக் கிடக்கும். ஆகவே ஒவ்வொரு குழாயையும் திறந்து வடியவிட்டு, காற்றடித்து ஊதி, வடியாத இடங்களில் குடிநீர்க் குழாய்க்கென்றே விற்கும் இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவத்தை ஊற்றிவிட்டுத்தான் வருவோம்.

தண்ணீர் ஏரியிலிருந்தே வருகிறது. ஏரிக்குள் கிடக்கும் குழாயின் நுனியில் தண்ணீர் திரும்பி ஓடாமல் தடுக்கும் ஒரு புட்வால்வ், கொட்டிலுக்குள் பம்பும் அழுத்தத் தாங்கியும். அதன் பின் 5 மைக்ரோன் வடிகட்டி, அதற்கும் பின் புறஊதா விளக்கு. விளக்கைத் தாண்டிய தண்ணீர் சமையலறைக்கும் குளியலறைக்கும் போகும்.

இந்த விளக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், மீதிக் கதை முழுக்க அதைச் சுற்றித்தான் வரப்போகிறது. உருக்குக் குழல் ஒன்றுக்குள் ஒரு குவார்ட்ஸ் கண்ணாடி உறை, உறைக்குள் விளக்கு. தண்ணீர் உறைக்கும் உருக்குக்கும் இடையால் ஓடும்போது 254 நானோமீற்றர் அலைநீள ஒளி கிருமியின் மரபணுவைச் சிதைக்கும். கிருமி அதன்பின் பெருகாது. குளோரின் போல மணமோ சுவையோ இல்லாததால் எங்கள் ஆட்களுக்கு அது பிடித்துப்போயிற்று. ஆனால் ஒளி படாத தண்ணீருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அந்தப் பக்கத்து ஏரிகள் கருங்கல் பாறையில் கிடப்பவை. சதுப்பிலிருந்தும் மக்கிய இலைகளிலிருந்தும் கசியும் தனின் கலந்து தண்ணீர் வசந்தத்தில் மெல்லிய பிளேன்ரீ நிறமாக இருக்கும். நிறம் கூடினால் ஒளி ஊடுருவுவது குறையும். விளக்கும் ஒரு வருடம் போனால் நீலமாக எரிந்துகொண்டே வலுவிழக்கும். எரிகிறதே என்று விட்டுவிட முடியாது, வருடம் ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

எங்களைப் போன்ற இடங்களின் தண்ணீருக்கு ஒன்ராறியோவில் சட்டம் உண்டு. 2000ஆம் ஆண்டு மே மாதம் வோக்கேட்டன் என்ற சிற்றூரின் குடிநீரில் ஈ.கோலை என்ற குடல் பக்டீரியா கலந்து 7 பேர் இறந்தார்கள், ஏறத்தாழ 2,300 பேர் நோயுற்றார்கள். பெருமழையில் மாட்டெரு கழுவப்பட்டு ஆழமில்லாத ஒரு கிணற்றுக்குள் இறங்கியது. குளோரின் ஒழுங்காகப் போடப்படவில்லை, பதிவேட்டில் மட்டும் போட்டதாக இருந்தது. அதன் பிறகுதான் மாகாணத்தின் தண்ணீர்ச் சட்டங்கள் இறுகின. முகாம், தேவாலயம், சிறு உணவகம் போன்றவற்றின் சிறிய குடிநீர் அமைப்புகள் இப்போது உள்ளூர்ப் பொதுச் சுகாதாரப் பிரிவின் கண்காணிப்பில் இருக்கின்றன. பரிசோதகர் வந்து பார்த்து, அந்த இடத்துக்கென்று ஓர் உத்தரவு எழுதிக் கொடுப்பார். வசந்தத்தில் திறந்ததும் மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்குக் கொடுக்க வேண்டும், முடிவு வரும்வரை ஒருவரும் குடிக்கக்கூடாது என்பது எங்களுக்கான உத்தரவில் இருந்தது.

அண்ணை

தண்ணீர் வேலை முழுவதையும் பார்த்தவர் எங்கள் குழுவின் மூத்தவர் ஒருவர். நிகழ்வு நடந்தபோது அவருக்கு 74 வயது. தமிழர் அல்லாத கழகத்தவர்களும் அவரை ‘அண்ணை’ என்றே கூப்பிடுவார்கள், அதுதான் அவருடைய பெயர் என்று பலகாலம் நினைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் மண்ணெண்ணெய் மிசின் வைத்து இறைத்த குடும்பம். பம்பில் காற்றுப் பிடித்தால் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். கனடாவில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்.

பத்து ஆண்டுகளில் அவர் அந்தக் கொட்டிலைத் தன் கைக்கு ஏற்றபடி மாற்றியிருந்தார். தண்ணீர் விளக்குக்குள் போகாமல் சுற்றிப் போக ஒரு மாற்றுக்குழாயும் போட்டிருந்தார். பருவத்தின் நடுவில் விளக்கு மாற்ற வேண்டி வந்தால் பாத்திரம் கழுவத் தண்ணீர் நிற்கக்கூடாது என்பது ஒரு காரணம். ஒக்டோபரில் காற்றடித்து ஊதும்போது அந்த அழுத்தம் கண்ணாடி உறையில் படக்கூடாது என்பது இன்னொன்று. இரண்டும் நியாயமான காரணங்கள்தான். மாற்றுக்குழாயில் இருந்தது வட்டப்பிடி வைத்த பழைய கேற் வால்வ். நெம்புபிடி வைத்த போல் வால்வைப் பார்த்த உடனே தெரியும்: பிடி குழாயோடு ஒத்து நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. வட்டப்பிடி ஒன்றும் சொல்லாது, திருகிப் பார்த்தால்தான் தெரியும். அதுவும் அழுத்தத் தாங்கிக்குப் பின்னால், சுவரோரமாக இருந்தது.

வருடாந்தக் கூட்டத்தில் அண்ணைக்கு நன்றி சொல்வோம், கைதட்டுவோம், ஒருமுறை பொன்னாடையும் போர்த்தினோம். அவர் பக்கத்தில் இருந்து வேலையைப் பழகுவதற்கு ஓர் ஆளை நாங்கள் நியமிக்கவில்லை. நான் ஐந்து பேர் கொண்ட முகாம் குழுவின் பொருளாளராக இருந்தேன். அந்தத் தவறில் என் பங்கு சிறியதல்ல.

2022 ஒக்டோபர்: மூடுதல்

செப்டெம்பர் நடுப்பகுதியில் அண்ணைக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் செயலிழந்தது, பேச்சும் குழறியது. மூன்று வாரத்தில் மூடுகிற விடுமுறை. குழுவிலிருந்த இளைஞர் ஒருவர் தண்ணீர் வேலையைத் தான் பார்ப்பதாக முன்வந்தார். ஸ்காபரோவில் வளர்ந்தவர், மின்வேலை பழகுபவர், கை வேலையில் கெட்டிக்காரர். இனி அவரைத் தம்பி என்றே எழுதுகிறேன்.

அண்ணையின் மகள் வீட்டிலிருந்து ஒரு கொப்பியைத் தேடி எடுத்துத் தந்தார். அதில் 2019இல் அண்ணை எழுதிய ஒரு பக்கம், தமிழில், நீல மையில், 14 வரிகள். ‘பம் நிப்பாட்டு.’ ‘தாங்கி வடியவிடு.’ ‘பின் வால்வ் திற.’ ‘காத்து அடி.’ இப்படியே போனது. தம்பி தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். கழகத்தவர்களுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆகவே கொட்டிலுக்குள் அவரை உதவிப் பார்க்கவும் திருத்தவும் இரண்டாவது ஆள் இல்லாமல் போயிற்று.

எட்டுப் பேர் வர வேண்டிய இடத்தில் நான்கு பேர்தான் வந்தோம். இரண்டு நாளும் மழை. தம்பி 14 வரிகளையும் ஒன்றுவிடாமல் செய்தார். பின் வால்வ் எது என்று தேடிக் கண்டுபிடித்துத் திறந்தார். கொப்பியில் எழுதியிருந்தபடி பார்த்தால் அந்த மூடலில் ஒரு குறையும் இல்லை. வசந்தத்தில் செய்ய வேண்டியவற்றுக்கான பக்கம் கொப்பியில் இல்லை. இல்லை என்பதை அன்றைக்கு ஒருவரும் யோசிக்கவில்லை.

2023 மே 20–22: திறத்தல்

கறுப்பு ஈக்கள் மொய்க்கத் தொடங்கியிருந்தன. பம்புக்குத் தண்ணீர் ஊற்றி உயிர்ப்பித்து அழுத்தம் ஏற்றியதும் சமையலறையில் பீறிட்டுக்கொண்டு சத்தம் கேட்டது. கழுவுதொட்டிக்குக் கீழே ஒரு செப்பு முழங்கை நீளவாக்கில் பிளந்திருந்தது. ஒக்டோபரில் அதற்குள் கொஞ்சம் தண்ணீர் நின்றிருக்கிறது. எல்லோரும் அங்கே கூடிவிட்டோம். ஒருவர் வாளியோடு, ஒருவர் துணியோடு, இரண்டு பேர் கீழே படுத்தபடி. அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு பெக்ஸ் என்ற பிளாஸ்ரிக் குழாய் போட இரண்டு மணித்தியாலம் பிடித்தது. முடிந்ததும் பெரிய வேலை ஒழிந்தது என்று ஓர் ஆறுதல்.

இதைப் பதிவு செய்வதற்குக் காரணம் இருக்கிறது. பீறிடும் குழாய் எட்டுப் பேரின் கண்ணையும் பிடித்து வைத்துக்கொண்டது. கொட்டிலுக்குள் தம்பி புது விளக்கும் புது வடிகட்டியும் போட்டார், விளக்கு நீலமாக எரிந்தது, எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. சரி, தண்ணீர் ஆயத்தம் என்று வந்து சொன்னார். நாங்களும் ஓம் என்றோம்.

செவ்வாய்க்கிழமை காலை நான் மாதிரி எடுத்தேன். ஆய்வுகூடம் தரும் போத்தலுக்குள் குளோரினை முறிக்கும் மருந்து இருக்கும், அதனால் போத்தலைக் கழுவக்கூடாது. குழாய் வாயில் உள்ள வலையைக் கழற்றிவிட்டு, சில நிமிடம் ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். பனிக்கட்டிப் பொதியோடு பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மே 25: முதல் முடிவு

வியாழக்கிழமை பின்னேரம் ஆய்வுகூடத்திலிருந்து தொலைபேசி வந்தது. மொத்தக் கோலிபோம் என்ற பக்டீரியா வகையும் இருக்கிறது, ஈ.கோலையும் இருக்கிறது என்றார்கள். ஈ.கோலை என்றால் மனிதரின் அல்லது விலங்கின் மலம் அந்தத் தண்ணீரைத் தொட்டிருக்கிறது என்று பொருள். குடிதண்ணீரில் அது துளியும் இருக்கக்கூடாது. சுகாதாரப் பிரிவுக்கும் அதே நேரத்தில் அறிவித்திருந்தார்கள்.

அப்போது முகாமில் கழகத்தவர் இருவர் தங்கியிருந்தார்கள். உடனே அழைத்துச் சொன்னோம். ஒவ்வொரு குழாயிலும் ‘குடிக்க வேண்டாம்’ என்று எழுதிக் கட்டினார்கள். குடிக்கவும் பல் துலக்கவும் மரக்கறி கழுவவும், கொதி எழும்பிய பின் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்ட தண்ணீர் மட்டும் என்று ஏற்பாடு.

திறப்பு வேலைக்கு வந்தவர்களில் ஒரு பெண் ஞாயிறு இரவு குழாயில் ஒரு குவளை பிடித்துக் குடித்திருந்தார். செவ்வாயும் புதனும் அவருக்கு வயிற்றோட்டம். அது இந்தத் தண்ணீரால்தான் என்று உறுதிப்படுத்தப்படவில்லை. முடிவு வரும்வரை குடிக்கக்கூடாது என்ற விதி எங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் அன்றுதான் முதல்முறை வந்தவர். வாயால் சொல்லாமல் கோப்புக்குள் வைத்திருந்த விதி அது.

மே 27–31: பிழையான ஊகம்

ஜூன் 9 முதல் 11 வரை பருவத்தின் முதல் குடும்ப முகாம். 32 பேர், அதில் 11 பிள்ளைகள். இரண்டு வாரம்தான் இருந்தது.

தண்ணீர் அந்த வசந்தத்தில் வழமையைவிடக் கறுப்பாக இருந்ததால் எல்லோருடைய சந்தேகமும் ஏரியின் மேல் போயிற்று. பனி உருகிய வெள்ளம், நிறம் கூடியிருக்கிறது, ஒளி ஊடுருவவில்லை. கேட்கப் பொருத்தமாக இருந்தது. கண்ணாடி உறையைக் கழற்றி வினாகிரியால் துடைத்தோம், வடிகட்டியை மறுபடி மாற்றினோம், மணமில்லாத பிளீச் விட்டுக் குழாய்கள் முழுவதையும் ஓர் இரவு ஊறவைத்து, ஏரிக்குப் போகாதபடி தூரத்து மண்ணில் வெளியேற்றினோம். இரண்டு நாள் வேலை. பழுது இன்ன இடத்தில் என்று தெரியாமலே செய்த வேலை.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தொலைபேசியில் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அடுத்த மாதிரியை மூன்று இடத்தில் எடுங்கள் என்றார்: விளக்குக்கு முன்னால், விளக்கைத் தாண்டிய உடனே, சமையலறைக் குழாயில். எங்களுக்கு அது தோன்றவில்லை. திங்கட்கிழமை, மே 29, மூன்று போத்தல் கொடுத்தோம். புதன்கிழமை முடிவு வந்தது. விளக்குக்கு முன்னால் ஈ.கோலை இருந்தது. அது ஏரித் தண்ணீர், எதிர்பார்த்ததுதான். விளக்கைத் தாண்டிய உடனே உள்ள சிறு குழாயில் ஒன்றும் இல்லை. சமையலறையில் மறுபடி இருந்தது.

அப்படியென்றால் விளக்கு தன் வேலையைச் செய்கிறது. அதற்கும் சமையலறைக்கும் இடையில் எங்கேயோ ஏரித் தண்ணீர் வந்து கலக்கிறது.

ஜூன் 1: முகாமை வைப்பதா, தள்ளுவதா

வியாழன் இரவு குழு தொலைபேசியில் கூடியது. மூன்று யோசனைகள் இருந்தன. குறித்த நாளில் நடத்திக் கொதித்தாறிய தண்ணீர் கொடுப்பது. 18.9 லீற்றர்க் கலன்களில் தண்ணீர் வாங்கிக்கொண்டு போவது. இல்லாவிட்டால் இரண்டு வாரம் தள்ளிவைப்பது.

கொதிக்கவைக்கும் யோசனை முதலில் விழுந்தது. 32 பேருக்கு நாள் முழுவதும் தண்ணீர் கொதிக்கவைக்க எங்கள் அடுப்பில் இடமில்லை. பெரிய அண்டாவை வெளியே விறகில் வைக்கலாம் என்றால், அந்த ஆண்டின் வறட்சியில் எங்கள் பகுதியில் திறந்தவெளி நெருப்புக்குத் தடை இருந்தது. கலன் யோசனைக்கு ஆதரவு அதிகம். மூத்த உறுப்பினர் ஒருவர், “நாங்கள் கிணத்துத் தண்ணியை வாளியில அள்ளிக் குடிச்சு வளர்ந்த ஆக்கள், என்ன நடந்தது? இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை” என்றார். அவர் சொன்னதில் அலட்சியம் இல்லை. பிள்ளைகளின் பயணம் கெடக்கூடாதே என்ற கவலைதான்.

எங்கள் குழுவில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்ற அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் சொன்னது: “நாங்கள் பெரிய ஆக்கள் ரெண்டு நாள் கக்கூசுக்கு ஓடிப்போட்டு எழும்பீடுவம். ஈ.கோலையில ஒரு சாதி இருக்கு, அது சின்னப் பிள்ளையளின்ர சிறுநீரகத்தை அடிக்கும். வோக்கேட்டனில நடந்தது அதுதான். கலன் தண்ணி குடுத்தாலும் பிள்ளை பல்லு மினுக்கேக்க குழாயைத் திறக்கும். நாங்கள் ஒவ்வொரு குழாயடியிலயும் நிக்கப் போறமோ?”

தள்ளிவைப்பது என்று முடிவாயிற்று, ஜூன் 23க்கு. நானும் அதற்கே வாக்களித்தேன். பழுது எங்கே என்றே அன்றைக்குத் தெரியாது. மூட்டை கட்டிக்கொண்டு 32 பேர் காத்திருக்கும்போது ஆய்வுகூட முடிவைப் பார்த்தால், நல்லதாக இருக்க வேண்டும் என்ற ஆசையோடுதான் பார்ப்போம். பேருந்துக்குக் கட்டிய முற்பணம் போயிற்று. இரண்டு குடும்பங்களுக்குப் புதிய திகதி ஒத்துவரவில்லை.

ஜூன் 3: கொட்டிலுக்குள்

சனிக்கிழமை காலை தம்பியும் நானும் கொட்டிலுக்குள் முழங்காலில் இருந்தோம். இரண்டு பேருக்குமேல் கொள்ளாத இடம். தம்பி ஒரு யோசனை சொன்னார்: விளக்குக்குப் போகும் வால்வை இறுக மூடிவிடுவோம், மூடினால் சமையலறைக்குத் தண்ணீர் போக வேறு வழி இருக்கக்கூடாது. மூடினார். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தேன்.

தண்ணீர் வந்தது. குறைவாக, ஒரு விரல் தடிப்பில், ஆனால் நிற்காமல் வந்தது.

“வருதோ?” என்று தம்பி அங்கிருந்து கத்தினார். “வருது” என்றேன். அதன்பின் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நான் திரும்பிப் போனபோது அவர் அழுத்தத் தாங்கிக்குப் பின்னால் தோள் வரைக்கும் கையை விட்டிருந்தார். முகம் சுவரோடு அழுந்தியிருந்தது. கைவிளக்கு அடித்துப் பார்த்தேன். சிலந்தி வலை படிந்த சிவப்பு வட்டப்பிடி, மாற்றுக்குழாயின் வால்வ். அவர் அதை வலப்பக்கமாகத் திருகினார். ஒரு சுற்று, இரண்டு, மூன்று, நாலரைச் சுற்றில் நின்றது. சமையலறையில் ஓடிய தண்ணீர் நின்றுபோயிற்று.

ஒக்டோபரில் தன் கையால் திறந்த வால்வ் அது என்பது தம்பிக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. “நான்தான், நான்தான் விட்டது” என்று சொல்லிக்கொண்டே வெளியே போய் மரக்குற்றியில் இருந்தார். ஏறத்தாழ எட்டு மாதத்துக்கு முன்னர் மழைக்குள் தனியாக நின்று அந்த வேலையை முடித்துத் தந்த பிள்ளை. அவரிடம் நான் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்: கொப்பியில் இருந்ததை அவர் செய்தார். கொப்பியில் பாதிதான் இருக்கிறது என்பதைப் பார்த்திருக்க வேண்டியது குழு.

அன்று பின்னேரம் அண்ணையை அழைத்தோம். பேச்சு ஓரளவு திரும்பியிருந்தது. விசயத்தைச் சொன்னதும் மறுமுனையில் வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: “அது... ஒவ்வொரு வருசமும் நான் எல்லோ மூடுறனான். எழுத வேணுமெண்டு... நினைக்கேல்லை.” அவரைச் சமாதானப்படுத்த முயன்றோம். அடுத்த நாள் மகள் அழைத்து, அப்பா இரவு நித்திரை கொள்ளவில்லை என்றார்.

ஜூன் 4–25: பின் நடந்தவை

ஞாயிறன்று குழாய்களை மறுபடி குளோரினால் கழுவினோம். திங்களும் செவ்வாயும் ஒரு நாள் இடைவெளியில் மாதிரி கொடுத்தோம். ஜூன் 8, வியாழன், இரண்டாவது முடிவும் வந்தது. இரண்டும் சுத்தம்.

அதாவது 9ஆம் திகதி முகாமை வைத்திருக்கலாம். அன்று இரவே சிலர் அழைத்துக் கேட்டார்கள், அவசரப்பட்டுத் தள்ளிவிட்டீர்களே என்று. அந்த வாரம் கியூபெக் காட்டுத்தீயின் புகை ஒன்ராறியோவை மூடியிருந்தது, காற்றின் தரம் பழுதாக இருந்தது. அதைக் காட்டி, தள்ளியதும் நல்லதுக்குத்தான் என்று வேறு சிலர் எங்களுக்காகப் பேசினார்கள். அந்தச் சமாதானத்தை நான் ஏற்கவில்லை. புகை வருமென்று தெரிந்து நாங்கள் தள்ளவில்லை. ஜூன் 1 இரவு கையில் இருந்தது ஈ.கோலை உள்ள இரண்டு முடிவுகளும் காரணம் தெரியாத ஒரு குழாயும். அதை வைத்துக்கொண்டு எடுத்த முடிவு சரி. இன்றைக்கும் அப்படித்தான் வாக்களிப்பேன்.

23ஆம் திகதி முகாம் நடந்தது, 27 பேர் வந்தார்கள். முதல் வேலையாக எல்லோரையும் கூட்டி, தண்ணீரில் என்ன நடந்தது, எப்படிச் சரி செய்தோம், முடிவு என்ன என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் சொன்னோம். ஒரு தாய் தன் குழந்தைக்குக் கடைத் தண்ணீர்தான் கொடுத்தார். அதில் மனவருத்தப்பட ஒன்றுமில்லை.

மாற்றியவை

ஜூன் கடைசியில் பரிசோதகர் நேரில் வந்தார். வட்டப்பிடிக்குப் பதில் நெம்புபிடி வால்வ் போட்டு, சிவப்பு அட்டை கட்டலாம் என்று எங்கள் திட்டத்தைச் சொன்னோம். அவர் குழாயைக் காட்டி, இது எதற்காக இருக்கிறது என்று கேட்டார். விளக்கு மாற்றும்போது தண்ணீர் நிற்காமல் இருக்க என்றோம். விளக்கு மாற்ற எவ்வளவு நேரம் என்றார். இருபது நிமிடம். வருடத்தில் ஒருமுறை.

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜூலையில் மாற்றுக்குழாயை முழுவதுமாக வெட்டி எடுத்து இரு முனையையும் அடைத்துவிட்டோம். அட்டை கிழியும், நிறம் மங்கும், அதை வாசிக்காமல் ஒருவர் போவார். குழாயே இல்லாவிட்டால் திறந்துவிட முடியாது. காற்றடிக்கும்போது இப்போது விளக்குக் குழலைக் கழற்றி வைத்துவிடுகிறோம். பதினைந்து நிமிடம் கூடச் செல்கிறது, அவ்வளவுதான்.

ஓகஸ்டில் அண்ணை வந்தார், ஊன்றுகோலோடு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு. கொட்டில் வாசலில் கதிரை போட்டு இருத்தினோம். உள்ளே தம்பி ஒவ்வொரு வால்வாகத் தொட, வெளியே இருந்து அண்ணை அதன் பெயரையும் வேலையையும் சொல்ல, கழகத்துப் பெண் ஒருவர் எண் அடித்த பித்தளைத் தகடு கட்டிக்கொண்டு வந்தார். கொப்பியில் 14 வரிகள். வால்வும் வடிகுழாயுமாகக் கொட்டிலிலும் வீட்டுக்குக் கீழேயும் இருந்தவை 23. கொப்பியில் இல்லாத மிச்சத்தையும் அவர் பத்து வருடமாக எழுத்தில்லாமலே திறந்து மூடி வந்திருக்கிறார்.

இரண்டு பக்க அட்டவணை ஒன்று எழுதினோம், தமிழிலும் ஆங்கிலத்திலும். இடப்பக்கம் ஒக்டோபர், வலப்பக்கம் மே. இடப்பக்கம் ‘திற’ என்று ஒரு வரி இருந்தால் அதன் நேரே வலப்பக்கத்தில் ‘மூடு’ இல்லாமல் அந்த வரி முடியாது. ஒருவர் வாசிக்க ஒருவர் செய்ய வேண்டும், இருவரும் ஒப்பம் வைக்க வேண்டும். ‘முடிவு வரும்வரை குடிக்க வேண்டாம்’ என்ற அட்டையை ஒக்டோபரில் மூடும்போதே எல்லாக் குழாயிலும் கட்டிவிட்டு வருகிறோம். மே மாதம் முதலில் உள்ளே போகிறவருக்கு விதி தெரியாவிட்டாலும் அட்டை கண்ணில் படும். மாதிரி எடுப்பது இனி எப்போதும் மூன்று இடத்தில். ஆய்வுகூடச் செலவு கூடுகிறது, பொருளாளராக அதை ஒதுக்கிவைத்திருக்கிறேன்.

2023 ஒக்டோபர்

அடுத்த மூடலைத் தண்ணீர் வேலை தொட்டே அறியாத இருவரிடம் கொடுத்தோம், அட்டவணையைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே. ஒருவர் தாதி அக்கா, மற்றவர் கழகத்துப் பெண். தம்பி கையைக் கட்டிக்கொண்டு வெளியே நிற்க வேண்டும், கேட்டால் மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. அது அவருக்கு எவ்வளவு கடினமாக இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. அண்ணை இரண்டு மணித்தியாலத்தில் முடிக்கும் வேலைக்கு ஐந்து மணித்தியாலம் சென்றது. 17ஆம் வரியில் அக்கா நிமிர்ந்து பார்த்து, “சுடுதண்ணித் தாங்கியின்ர அடிவால்வ் இதில இல்லையே, அதுக்குள்ள தண்ணி நிக்குமெல்லோ?” என்றார். இல்லைத்தான். நாங்கள் எல்லோரும் இருந்து எழுதிய அட்டவணையில் அது விடுபட்டிருந்தது. பென்சிலால் 17 அ என்று எழுதிச் சேர்த்தோம்.

தண்ணீர் வேலை இப்போது நான்கு பேருக்குத் தெரியும். படகுத்துறையைப் பனிக்கு முன்னர் ஏரியிலிருந்து பிரித்து இழுத்து எடுப்பது இன்னும் ஒருவருக்குத்தான் தெரியும், அவருக்கு 69 வயது. வருகிற ஒக்டோபரில் அவரோடு நான் தண்ணீருக்குள் இறங்குவதாகப் பெயர் கொடுத்திருக்கிறேன். எழுதுவதற்கு ஒருவர் கரையில் நிற்பார்.